கரையுமட்டும் பொறுக்காதவர்

அவர் குளிசையை விழுங்கமாட்டார். கரைத்துத்தான் குடிப்பார். கரையுமட்டும் பொறுக்கவும் மாட்டார். இந்த மூன்று வசனத்தோடு அவரைப் பற்றிச் சொல்லவேண்டியதெல்லாம் முடிந்தது என்று நான் எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. அந்த வியாதியில் கொஞ்சம் எனக்கும் தொற்றிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

குருநகரில் அவரும் நானும் ஒரே படகில் தொழில் செய்தோம். அவர் சுழியோடி. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போய்க் கடலட்டை பொறுக்குகிற வேலை. நான் படகில் இருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவருடைய மூச்சுக் குமிழி எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். படகு என் மச்சானுடையது. இயந்திரத்தையும் அவனே பார்ப்பான். மூன்று பேர்தான். அவரை நாங்கள் அண்ணை என்போம். பெயரை எழுதினால் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கப் பொறுமையில்லாமல், முதல் வரியோடு சண்டைக்கு வந்துவிடுவார். ஆகவே பெயர் வேண்டாம்.

குளிசை கரைக்கிற வேலை அவருடைய மனைவியினுடையது. அக்கா ஒரு கிளாசில் தண்ணீர் எடுத்து, குளிசையைப் போட்டு, கரண்டியால் சுற்றத் தொடங்குவா. அவர் பக்கத்தில் நின்று காலை மாற்றி மாற்றி வைப்பார். கரண்டி நாலு சுற்றுச் சுற்றவில்லை, கிளாஸ் அவர் கையில் இருக்கும். பாதி கரைந்தது, பாதி கட்டி. கட்டி தொண்டையில் ஒட்டும். இருமுவார், கண்ணில் தண்ணீர் வரும். துடைத்துக்கொண்டு, "கேக்குது" என்பார்.

"வயித்துக்கை போக முன்னமே கேக்குதோ?" என்று அக்கா கேட்பா.

"வாயிலையே கேக்கத் தொடங்கீட்டுது."

முழுதாக விழுங்கினால் என்ன என்று நான் ஒருதரம் கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "முழுசாய்ப் போட்டால் உது வயித்துக்கை கிடந்து, யோசிச்சு யோசிச்சுக் கரையும். உதின்ரை யோசினை முடியிறவரைக்கும் நான் நோவோடை இருக்கிறதோ?" என்றார். அவருக்குக் குளிசை என்பது சம்பளத்துக்கு வந்த ஆள். வந்தால் உடனே வேலையைத் தொடங்கவேண்டும்.

குளிசையில் மட்டும் என்றில்லை. ஞாயிறு பூசையில் அவர் நிற்கிற இடம் கோவில் வாசற்கதவடி. சுவாமியார் கடைசி ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கும்போது அண்ணை சைக்கிளில் ஏறியிருப்பார். கேட்டால், "மிச்ச ஆசீர்வாதத்தை மனுசி வரேக்கை கொண்டு வருவா" என்பார். கூழ் காய்ச்சினால் ஒடியல் மா வேகுமுன்னம் அகப்பையை விடுவார், நாக்குச் சுடும், சுட்ட நாக்கோடு, உப்புக் காணாது என்று குறை சொல்லுவார். கைத்தொலைபேசியில் அழைப்பார். "மச்சான் நிக்கிறானோ, எண்ணெய் அடிச்சாச்சோ, எத்தினை மணிக்கு?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, நாங்கள் வாயைத் திறக்குமுன்னம் வைத்துவிடுவார். பிறகு திரும்ப எடுத்து, ஏன் பதில் சொல்லவில்லை என்று ஏசுவார். அவருடைய மகள் கோவிலில் முதல்நன்மை வாங்கிய அன்று எடுத்த படத்தில் எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். ஓரத்தில் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு முதுகு தெரிகிறது. அது அவர்.

"தாய் வயித்துக்கை இருக்கவே பொறுக்கேலாமல் ஏழாம் மாசம் வெளிக்கிட்டு வந்த மனிசன். நான் என்னத்தைச் சொல்ல?" என்பா அக்கா. அவ சொல்லுகிறபோது அதில் முறைப்பாடும் இருக்கும், கொஞ்சம் பெருமையும் இருக்கும். அவ எதற்கும் அவசரப்படாத பெண். மீன் வெட்டினால் முள்ளு முள்ளாகப் பார்ப்பா. ஒரு வீட்டில் இப்படி இரண்டு பேரை எந்தக் கணக்கில் சேர்த்து வைத்தார்களோ தெரியாது.

இதெல்லாம் சிரிக்கிற கதை. நாங்களும் சிரித்தோம். அவருக்கு மூட்டு நோ வரத் தொடங்கிய பிறகு எனக்குச் சிரிப்புக் குறைந்தது.

அட்டை கிடைக்கிற காலத்தில் நாங்கள் வடமராட்சி கிழக்குப் பக்கம் போய் மணலில் வாடி போட்டுத் தங்குவோம். வாடி என்றால் தகரமும் ஓலையுமாக ஒரு கொட்டில். தொழில் முடியும்வரை அதுதான் வீடு. சமையலுக்கு அக்காவும் வந்து நிற்பா. அங்கே கடல் ஆழம். பதினைந்து பாகம் இறங்கினால்தான் நல்ல அட்டை. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். அண்ணை ஒரு சிலிண்டர் முடிய மற்றச் சிலிண்டர் என்று இறங்குவார். இடையில் இளைப்பாறு என்றால் கேட்கமாட்டார். சுழியோடுகிற எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழக்கம் உண்டு: மேலே வரும்போது உன் குமிழியை முந்தாதே. குமிழி எழும்புகிற வேகத்துக்குக் குறைவாகத்தான் நீ எழும்ப வேண்டும். இவர் எப்போதும் குமிழிக்கு முன்னால் வருவார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதலில் தலை வரும், பிறகுதான் குமிழி வந்து அவரைச் சுற்றிப் பொரியும்.

"அண்ணை, குமிழி பின்னாலை வருது."

"குமிழிக்கு வேலை வெட்டி இல்லை. எனக்கு வேலை கிடக்கு."

பின்னேரம் கரைக்கு வந்தால் முதலில் தோள் நோகும். பிறகு முழங்கை. பிறகு முழங்கால். மூட்டுக்குள் ஆரோ ஊசி வைத்துத் திருகுகிற மாதிரி என்பார். அந்தத் திருகல் தொடங்கினால் வாடிக்குள் நடந்துகொண்டே இருப்பார். அக்கா குளிசை கரைத்துக் கொடுப்பா. நோ கொஞ்சம் அமரும். போகாது. விடிய எழும்பி இன்னொன்று குடித்துவிட்டுக் கடலுக்கு வருவார். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவார். ஏறி வந்ததும் முதல் கதை இதுதான்:

"கீழை ஒரு நோவும் இல்லை. துப்பரவாய் இல்லை. குளிசை இப்பத்தான் கேட்டிருக்கு."

அன்றைக்குப் பின்னேரம் நோ திரும்பவும் வரும்.

இதைத்தான் அவர் பிழையாக விளங்கிக்கொண்டார். நாங்களும் அப்படியே விளங்கிக்கொண்டோம், ஏனென்றால் கேட்கச் சரியாகத்தான் இருந்தது. விடிய குடித்த குளிசை கடலுக்குள் கேட்கிறது. பின்னேரம் குடித்த குளிசை கரையில் கேட்கவில்லை. இரண்டும் ஒரே குளிசை. அப்படியென்றால் பிழை எங்கே? கரைக்கிற தண்ணீரில். விடிய அவர் குடித்தது சோடாவில். பின்னேரம் கிணற்றுத் தண்ணீரில். அவருக்கு விடை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவரை யாரும் பிடிக்கமுடியாது.

காற்று எழும்பி ஒரு படகும் இறங்காத ஒரு நாள். கரையில் எல்லாரும் சும்மா. சும்மா இருக்கத் தெரியாதவர் அவர் ஒருவர்தான். மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஒரு பலகையைப் போட்டார். வாடி வாடியாகப் போய்க் கிளாஸ் கடன் வாங்கி வந்து வரிசையாக வைத்தார். ஒன்றில் ஆறின தண்ணீர். ஒன்றில் கொதிதண்ணீர். ஒன்றில் வெறுந்தேத்தண்ணீர். ஒன்றில் சோடா. ஒன்றில் தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீர். மச்சான் ஒளித்து வைத்திருந்த சாராயத்தில் கொஞ்சம். அக்காவின் போத்தலில் இருந்து நல்லெண்ணெய். எல்லாவற்றிலும் ஒவ்வொரு வெள்ளைக் குளிசை. கரையில் நின்ற சனமெல்லாம் சுற்றி நின்றது.

ஆறின தண்ணீரில் குளிசை அடியில் போய்க் குந்தியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விளிம்பு பொருமி, மா மாதிரி உதிர்ந்தது. "கரைஞ்சிட்டுது" என்றார் அண்ணை. "இல்லை, உடைஞ்சிருக்கு. கீழை கிடக்கு, பாருங்கோ" என்றேன். குனிந்து பார்த்தார். வெள்ளை மா அடியில் படிந்து கிடந்தது. மேலே தண்ணீர் தெளிவாக நின்றது. அவருக்கு அது பெரிய ஏமாற்றம். இவ்வளவு காலமும் குளிசையின் தண்ணீரைக் குடித்துவிட்டு, மாவைக் கழுவி ஊற்றியிருக்கிறோமே என்று அக்காவைப் பார்த்தார். "நீங்கள் கலக்கவிட்டால்தானே" என்றா அவ.

கொதிதண்ணீரில் போட்டது மற்றதற்கு முன்னம் உடைந்து, கலக்கக் கலக்க மா குறைந்துகொண்டு போனது. தேத்தண்ணீரிலும் அப்படித்தான் இருந்திருக்கும், ஆனால் நிறத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் நடக்கிற வேலையை அவர் நம்பமாட்டார். அதைத் தள்ளி வைத்தார். சோடா பொங்கி வழிந்து பலகை எல்லாம் நுரை. "அரைவாசிக் குளிசையைப் பலகை குடிச்சிட்டுது" என்றான் மச்சான். உண்மையில் நுரைத்தது சோடாதான். நுரை அடங்கிய பிறகு பார்த்தால் குளிசை ஆறின தண்ணீரில் கிடந்ததைவிடப் பெரிதாக ஒன்றும் கரைந்திருக்கவில்லை. தேசிக்காய்த் தண்ணீரிலும் அதே கதை. சாராயத்தில்தான் அவர் பெரிய நம்பிக்கை வைத்திருந்தார். அது எல்லாவற்றுக்கும் பிந்தி, மனமில்லாமல் உடைந்தது. அதைக் குடிக்க அவர் கையை நீட்ட, அக்கா கிளாசைப் பறித்து மணலில் ஊற்றினா. நல்லெண்ணெயில் போட்ட குளிசை போட்டபடியே கிடந்தது. அடுத்த நாள் பார்த்தபோதும் அப்படியே, எழுத்துக்கூட அழியாமல் கிடந்தது. அதைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். ஒன்றும் செய்யாமல் ஒரு பொருள் இப்படிக் கிடக்கலாமோ என்ற கோபம்.

கடைசியில் அவர் கண்டுபிடித்தது இது: அம்மியில் வைத்துப் பொடி செய்து, கொதிதண்ணீரில் போட்டு, கை ஓயாமல் கலக்க வேண்டும். நன்றாகக் கரைந்தால் கசப்புக் கூடும். கசப்பு அவருக்கு நல்ல சகுனம். கசக்கக் கசக்கக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "இனிக் கரையிலையும் கேக்கும்" என்றார்.

கரையில் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் ஒரு குளிசைக்கு இரண்டு போட்டார். அக்காவின் முகம் மாறத் தொடங்கியது அப்போதுதான். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, கடலுக்கை போனால் மாறிற நோ, கரைக்கு வந்தால் ஏன் வருது?" என்று கேட்டா.  தண்ணீர்தான் பிழை என்று அவரே சொல்கிறாரே என்றேன். அவ தலையாட்டவில்லை.

பிறகு வந்தது அந்த மத்தியானம். மூன்றாவது சிலிண்டர். தலை முதலில் வந்தது, குமிழி பிறகு வந்தது. படகில் ஏறி இருந்தார். அட்டைப் பையைக் கவிழ்த்துக் காட்டினார், நல்ல பிடி. தேத்தண்ணீர் போத்தலை எடுக்க எழும்பப் பார்த்தார். எழும்ப முடியவில்லை. தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ரை காலிலை ஆரும் ஏறி இருக்கிறியளே?"

"இல்லை, அண்ணை."

"அப்ப கால் எங்கை போட்டுது?"

காலைத் தொட்டேன். கிள்ளினேன். அவருக்குத் தெரியவில்லை. இரண்டு காலும் இடுப்புக்குக் கீழே இறந்துபோய்க் கிடந்தன. மச்சான் இயந்திரத்தை இழுக்கப் போனான்.

"குளிசை கரை. கெதியா" என்றார்.  போத்தலின் தேத்தண்ணீர் சூடாக இருந்தது. அதில் இரண்டைப் போட்டுக் கலக்கினேன். வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். பார்த்துக்கொண்டிருந்தார். முதல் முறையாக அவர் வாயில் இருந்து அந்தச் சொல் வந்தது. "கேக்கேல்லை."

கரைக்கு ஓட நேரம் பிடிக்கும், கரையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னும் நேரம் பிடிக்கும். சுழியோடிகளுக்குள் ஒரு கைவைத்தியம் இருக்கிறது: இப்படி வந்தால் திரும்பவும் இறக்கு, பிறகு ஆறுதலாக, கொஞ்சம் கொஞ்சமாக மேலே எடு. இருந்தது ஒரு சிலிண்டர். மச்சான் என்னைப் பார்த்தான். நான் அண்ணையைப் பார்த்தேன். "இறக்குங்கோடா" என்றார். அக்குளுக்குக் கீழே கயிறு கட்டி இறக்கினோம்.

போன கொஞ்ச நேரத்தில் கயிற்றில் ஒரு இழுப்பு வந்தது. எங்கள் பாஷையில் அதற்கு ஒரே பொருள்: மேலே எடு. நான் எடுக்கவில்லை. திரும்பவும் இழுத்தார். கயிறு என் உள்ளங்கைக்குள் துடித்தது. நோ மாறியிருக்கும், கால் வந்திருக்கும், வந்த உடனே மேலே வரவேண்டும் அவருக்கு. நான் கயிற்றைப் படகின் கட்டையில் சுற்றிவிட்டுத் தண்ணீரைப் பார்த்து ஏசத் தொடங்கினேன். ஒரு நாளாவது ஓரிடத்தில் இரு என்று ஏசினேன். என் கண்ணால் தண்ணீர் ஓடியதை மச்சான் பார்த்தும் பாராமல் இருந்தான். அவர் கையால் தண்ணீரைத் தள்ளி மேலே வந்திருக்கலாம். வரவில்லை. அவரைக் கீழே என்ன நிறுத்தியது என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கலாம். அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு பாகமாக எடுத்தோம். மேலே வந்தபோது இடது கால் அசைந்தது. வலது கால் பாதி. ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டொக்டர் இளம்பெடியன். நாங்கள் செய்ததைக் கேட்டு அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அங்கையே செத்திருப்பார். மயங்கி வாயிலிருந்து குழாய் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பியள்?" என்று கேட்டார். 

அக்காவுக்கு டொக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆழத்தில் மூச்சு எடுக்கும்போது காற்று இரத்தத்தில் கரைகிறது. தண்ணீரின் அமுக்கம் அதைக் கரைந்தபடி வைத்திருக்கிறது. அவசரப்பட்டு மேலே வந்தால் அமுக்கம் சட்டென்று குறையும். சோடாப் போத்தலின் மூடியைத் திறந்த மாதிரி, கரைந்தது எல்லாம் குமிழியாகத் திரும்பி வரும். மூட்டுக்குள் வந்தால் நோ. முதுகுத்தண்டுக்குள் வந்தால் கால் போகும்.

"அப்ப குளிசை?" என்று அக்கா கேட்டா.

"குளிசை நோவைக் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். குமிழியை அது ஒண்டும் செய்யாது. திரும்பக் கீழை போகேக்கை அமுக்கத்திலை குமிழி சுருங்கும். அதாலைதான் கீழை அவருக்கு நோ இருக்கேல்லை."

அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. அம்மியும் கொதிதண்ணீரும் கரண்டியுமாக அவ பட்ட பாடெல்லாம் அவ முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. கட்டிலில் கிடந்தவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப கீழையே இருந்தால் சரி" என்றார். அது பகிடி என்று நினைத்து டொக்டர் சிரிக்கப் பார்த்தார். பிறகு சிரிக்காமல், "ஐயா, இனி இறங்கக்கூடாது. அடுத்தமுறை காலோடை நிக்காது, மூச்சோடை போகும்" என்றார்.

கடலடியில் இருக்கிற அமுக்கத்தைக் காற்றால் உண்டாக்குகிற அறை ஒன்று இருக்கிறதாம், அந்த அமுக்க அறை இருக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கதவை அடைத்துப் படுக்க வைத்தார்களாம். எப்படிப் படுத்திருந்தார் என்று கேட்டதற்கு அவர் இன்றுவரை பதில் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது இடது கால் சரி. வலது காலை இழுத்து இழுத்து நடந்தார்.

அந்த மாதங்கள் அக்காவுக்கு நரகம். நடக்கமுடியாத ஆள் நடந்துகொண்டே இருந்தார். வாசற் படலைக்குப் போவார், திரும்புவார். பிரிந்த வலையை முடிவார், முடிந்த வலையைப் பிரிப்பார். என்னைக் கண்டால், "கடல் எப்படி, தண்ணி தெளிவோ?" என்பார், பதில் சொல்லுமுன்னம் அடுத்த கேள்வி வரும். ஒருநாள் மட்டும் நின்று கதைத்தார். "தண்ணிக்கை காலுக்குப் பாரம் இல்லையடா. அங்கை நான் நொண்டி இல்லை" என்றார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அடுத்த அட்டைக் காலம் தொடங்கியது. கயிறு பிடிக்க வா என்று என்னைக் கேட்டார். மாட்டேன் என்றேன். "நீ கயிறு பிடிக்கிறவன். புத்தி சொல்லிறவன் இல்லை" என்றார். எனக்கும் கோபம் வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். மச்சானை அவர் எப்படியோ வளைத்துவிட்டார். அவன் இளகின மனம் கொண்டவன். ஆழமில்லாத இடத்தில் ஒரே ஒரு சிலிண்டர் என்று சொன்னாராம். அவர் ஒன்றோடு நிற்கிற ஆளா?

அன்று விடிய குருநகர்த் துறைக்கு நான் சண்டை பிடிக்கத்தான் போனேன். சிலிண்டர் படகில் ஏறியிருந்தது. அண்ணை முழங்கால் தண்ணீரில் நின்று, "கெதியா, கெதியா" என்று மச்சானை விரட்டிக்கொண்டிருந்தார். அக்கா வந்தா. வீட்டில் போடுகிற சட்டையோடு, தலை வாரி இழுக்காமல், ஆரோடும் கதைக்காமல் வந்தா. நேரே தண்ணீருக்குள் இறங்கினா. படகின் விளிம்பைப் பிடித்து, காலைத் தூக்கி வைத்து, ஏறி உள்ளே இருந்துவிட்டா.

துறையில் சத்தம் நின்றது. தொழிலுக்கு வெளிக்கிட்ட படகில் எங்கள் பெண்கள் கால் வைக்கமாட்டார்கள். ஆர் சொன்ன சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நான் கண்டதில்லை. அக்காவும் கால் வைத்ததில்லை. அவ கயிற்றுச் சுருளின் மேல் இருந்து, அதன் நுனியைக் கையில் எடுத்துக்கொண்டா.

"என்ன விசர் வேலை செய்யிறாய்? இறங்கு."

"நீங்கள் போறதெண்டால் நானும் வாறன். கயிறை நான் பிடிக்கிறன்."

"உனக்குக் கயிறு பிடிக்கத் தெரியுமே?"

"விடாமல் பிடிக்கத் தெரியும்."

அவர் மச்சானைப் பார்த்து, "இவளைத் தூக்கி இறக்கடா" என்றார். "அக்காவிலை நான் கை வைக்கமாட்டன்" என்று மச்சான் இயந்திரத்தை விட்டு அப்பால் போனான். என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக வெளிக்கிட்டன. இயந்திரச் சத்தம் போகப் போகக் குறைந்தது. அண்ணை கரையில் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் காலை இழுத்து இழுத்து நடந்தார். ஏசினார். ஊர் சிரிக்குது என்றார். பிறகு குரலை இறக்கி, "இண்டைக்கு மட்டும்" என்றார். "ஒருக்கால் மட்டும் பாத்திட்டு வாறன், பேந்து கேக்கமாட்டன்."  வெய்யில் ஏறி அவவின் முகத்தில் அடித்தது. கையால் மறைக்கவும் இல்லை. நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினா.

வெகுநேரத்துக்குப் பிறகுதான் கதைத்தா. சத்தம் போடாமல், வீட்டில் கதைக்கிற மாதிரி.

"நோ மாறட்டும் எண்டுதான் நான் உங்களுக்குக் குளிசை கரைச்சுத் தந்தனான். நோ மாறித் திரும்பப் போகட்டும் எண்டில்லை. ஒரு கால் இழுக்கிற மனிசன் எனக்குக் காணும். மாலை போட்ட படம் வேண்டாம்."

அவர் நடந்தவர் நின்றார். நடக்கத் தொடங்கிய பிறகு அவர் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. படகுகள் போய் முடிந்திருந்தன. தண்ணீரில் எங்களுடைய படகு ஒன்றுதான். அவர் அதையும் பார்த்தார், அதற்குள் இருந்த அக்காவையும் பார்த்தார்.  பிறகு படகுக்குக் கிட்டப் போய் விளிம்பில் கையை வைத்தார்.

"சரி. இறங்கு. வீட்டை போவம்."

"முதல் நீங்கள் நடவுங்கோ."

அவர் கையை எடுத்தார். திரும்பி நடந்தார். வலை காயப்போடுகிற கம்புகளைத் தாண்டி, கோவில் ஒழுங்கையால் திரும்பி மறையுமட்டும் அவ பார்த்துக்கொண்டே இருந்தா. அவர் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் கடலில் இறங்கவும் இல்லை.

நான் தண்ணீருக்குள் போய், அக்கா இறங்குவதற்குக் கையைக் கொடுத்தேன். கயிற்றை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தா. அவவின் உள்ளங்கை சில்லென்று இருந்தது. ஆனால் எழும்பவில்லை.

"கொஞ்சம் பொறு, தம்பி. காலெல்லாம் நடுங்குது. இப்ப எழும்பினால் விழுந்திடுவன்."